ஹெட்போன் ஜாக் இல்லாத போனில் வெளி டேக் மாட்டினால் ஒலி உண்மையிலேயே நன்றாக இருக்குமா?

கேள்வி கேட்டவர் திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வேலைக்கு வருகிறவர். புதுப் போனில் ஹெட்போன் ஜாக் இல்லை. வீட்டில் நல்ல ஒயர் ஹெட்போன் ஒன்று வைத்திருக்கிறார். டைப்-சி வழியாக ஒரு டேக் (போனில் இருக்கிற பாட்டை ஹெட்போனுக்கு ஏற்ற மின் அலையாக மாற்றும் சின்னக் கருவி) வாங்கி மாட்டலாமா, அதற்கு மூவாயிரம் ரூபாய் போடலாமா, எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறார்.

மாட்டலாம், வித்தியாசமும் தெரியும். ஆனால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டு வாங்கினால் மூவாயிரத்தில் பாதிகூடச் செலவாகாமல் போகலாம். ஆறு வருஷத்தில் மூன்று போன், நான்கு டேக் என்று மாற்றிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போனில் இருக்கிற பாட்டு வெறும் எண்கள்தான். சிடி தரம் என்றால் ஒரு நொடிக்கு 44,100 எண்கள், இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாக. அந்த எண்களை மின் அலையாக மாற்றித் தருவதுதான் டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக டேக். அதற்கு அடுத்து, அந்த அலைக்கு ஹெட்போனை இழுக்கும் தெம்பு கொடுக்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். ஜாக் இருந்த போன்களில் இரண்டும் உள்ளேயே இருந்தன. 2016இல் ஐபோன் 7 ஜாக் இல்லாமல் வந்தது, அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியாக எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இரண்டு வேலையையும் விரல் நீளத்துக்கு ஒரு டாங்கிள் செய்கிறது. ஒன்று கவனியுங்கள்: ப்ளூடூத் இயர்பட்ஸுக்குள் அதற்கென்று சொந்தமாக ஒரு டேக் இருக்கிறது. அதனால் ப்ளூடூத்தில் கேட்பவருக்கு இந்த டாங்கிளால் எந்தப் பயனும் இல்லை. உங்களிடம் ஒயர் ஹெட்போன் இருப்பதால்தான் இந்தப் பேச்சே.

கடைக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டைப்-சியிலிருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு மாற்றும் அடாப்டர் என்று ஒரே தோற்றத்தில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றில் டேக் இருக்கும். இன்னொன்றில் வெறும் ஒயர்தான், போனே அனலாக் ஒலியை டைப்-சி வழியாக வெளியே விட்டால்தான் அது வேலை செய்யும். பல போன்கள் அப்படி விடுவதில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் இருநூறு ரூபாய்க்கு நான் முதலில் வாங்கியது இந்த வெறும் ஒயர் வகை. வீட்டுக்கு வந்து மாட்டினேன். போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, பாட்டு போன் ஸ்பீக்கரிலேயே ஓடியது. போனின் டைப்-சி போர்ட்தான் போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லை. மறுபடி கடைக்குப் போய்க் கேட்டால், "எல்லாருக்கும் இதுதான் தம்பி குடுக்கறோம், உங்க போன்லதான் ஏதோ பிரச்சினை" என்றார்கள். அதனால் அட்டையில் 'டேக்' என்றோ, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்பது போன்ற எண்ணோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே உங்கள் போனில் மாட்டிப் பாட்டு கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரியான டாங்கிளை மாட்டியும் சத்தம் வரவில்லை என்றால் செட்டிங்ஸுக்குள் போய் ஓடிஜி என்று தேடுங்கள், டைப்-சியில் வெளிக் கருவிகளை மாட்ட விடும் வசதி அது. ஓப்போ, விவோ, ரியல்மீ, ஒன்பிளஸ் போன்கள் பலவற்றில் ஓடிஜியை நாமே ஆன் செய்ய வேண்டும், பத்து நிமிஷம் எதையும் மாட்டாமல் விட்டால் அதுவே ஆஃப் ஆகிவிடும். டேக் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போன இரண்டு நண்பர்களுக்கு இந்த ஒரு சுவிட்சைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐபோன் என்றால், 2023இல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி என்பதால் நேராக மாட்டலாம். அதற்கு முந்தையதற்கு லைட்னிங் வகை டாங்கிள் வாங்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் தாய்மாமா சோழவந்தானில் மைக் செட் வைத்திருந்தார். வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா வந்தால் பள்ளிக்கூட லீவில் நானும் அவர் கூடவே சுற்றுவேன், குழாய் கட்ட ஏணி பிடிப்பேன். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 100 வோல்ட் லைன் என்று வரிசையாக முனைகள் இருக்கும். ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. குழாயை ஒலிக்க வைக்கும் யூனிட்டின் முதுகில் 16 ஓம் என்று எழுதியிருக்கும். இரண்டு யூனிட்டைப் பேரலலாக இணைத்தால் 8 ஓம் ஆகிவிடும், ஒயரை 8 ஓம் முனைக்கு மாற்ற வேண்டும். ஒருதடவை நான் அவசரத்தில் கண்டபடி முடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டு, "மாப்ள, ஓம் பாக்காம ஒயரைத் தொடாத. செட்டு பெருசா சின்னதாங்கிறது அப்புறம்" என்றார். ஹெட்போன் விஷயத்தில் நான் இன்றுவரை கடைப்பிடிப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

உங்கள் ஹெட்போன் அட்டையிலும் ஓம் எழுதியிருக்கும். சாதாரண இயர்போன்கள் 16 அல்லது 32 ஓம். ஸ்டுடியோ வகை ஹெட்போன்கள் வேறு ரகம்: சென்ஹைசர் எச்டி 600 என்றால் 300 ஓம், பேயர்டைனமிக் டிடி 990 மாடலில் 250 ஓம் ஒன்று உண்டு. சின்ன டாங்கிள்கள் அதிகபட்சம் ஏறக்குறைய 1 வோல்ட் தரும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 32 ஓமுக்கு 1 வோல்ட் என்றால் 31 மில்லிவாட் கிடைக்கும். சாதாரண இயர்போனுக்கு 1 மில்லிவாட்டே காதை நிறைக்கும் என்பதால் இது தாராளம். அதே 1 வோல்ட்டை 300 ஓமுக்குக் கொடுத்தால் 3 மில்லிவாட் சொச்சம்தான். பாட்டு கேட்கும், ஆனால் சன்னமாகப் பதிவான கச்சேரியில் வால்யூமை முழுக்க ஏற்றியும் போதவில்லையே என்று இருக்கும். 2 வோல்ட் தரும் டாங்கிளில் அதுவே 13 மில்லிவாட் ஆகிறது. அப்போதுதான் தவில் விழும்போது அந்த அடி முழுசாக வந்து விழும். உங்களுடையது 32 ஓம் என்றால் ஆயிரம் ரூபாய் அளவிலான டாங்கிளே போதும். 150 ஓமுக்கு மேல் என்றால் மூவாயிரத்தையும் போட்டு 2 வோல்ட் தருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், நியாயமான செலவுதான்.

போன வருஷம் மாமா வில்லாபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். ராத்திரி சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது என் 250 ஓம் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, போனில் டாங்கிளைச் செருகி, தங்கை கல்யாணத்தில் நானே பதிவு செய்த நாதஸ்வரத்தைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். வலது கை விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கெட்டிமேளம் வரும் இடத்தில் சட்டென்று கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தார். கழற்றிய பிறகு டாங்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு சின்னதுக்குள் எங்கே வைத்தார்கள் என்று கேட்டார். கை வைத்துப் பார்த்துவிட்டு, "லேசாச் சுடுதே" என்றார். சுடத்தான் செய்யும். கரண்ட் முழுக்கப் போனிலிருந்துதான் வருகிறது. பெரிய டாங்கிள் என்றால் பேட்டரி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் விலை கூடக் கூட ஒலியும் கூடுமா? என் காதுக்குக் கூடவில்லை. இதைச் சோதித்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த விலை குறைந்த டாங்கிளையும் அதைப்போல ஐந்து மடங்கு விலையுள்ளதையும் ஒரே அளவு சத்தத்துக்கு வைத்துக்கொண்டு, நான் பார்க்காமல் தங்கையை மாற்றி மாற்றிச் செருகச் சொன்னேன். 32 ஓம் இயர்போனில் எது எது என்று என்னால் சொல்லவே முடியவில்லை. சத்தத்தைச் சமமாக வைப்பது முக்கியம், ஏனென்றால் துளி சத்தம் கூட இருப்பதுதான் நல்ல ஒலி என்று காது முடிவு செய்துவிடும். கடைகளில் காட்டும் வித்தியாசம் பாதி இதுதான். அதே சோதனையில் ஜாக் இருந்த என் பழைய போனை வைத்தபோது ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்தேன். பாட்டு தொடங்கும் முன் இருக்கிற அமைதியில் அதில் ஒரு 'ஸ்ஸ்' இருந்தது, நெட்வொர்க் தேடும்போது 'டிட்டிட்டிட்' என்று ஒரு இரைச்சல். டாங்கிளில் அந்த அமைதி அமைதியாகவே இருந்தது. எனக்குக் கிடைத்த உண்மையான முன்னேற்றம் அதுதான், அதற்காகவே தாராளமாக வாங்கலாம். டாங்கிளிலும் அந்த இரைச்சல் கேட்டால் ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் ஒயருக்குச் சரியான கவசம் இல்லை என்று அர்த்தம், அதை மாற்றிக் கேளுங்கள்.

பதிவு எப்படியோ அப்படித்தான் கேட்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1968இல் மறைந்த கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயரின் கச்சேரிப் பதிவுகளை நான் அடிக்கடி கேட்பேன். டேப்பில் இருந்த இரைச்சல், சபையில் யாரோ இருமியது, எல்லாமே டாங்கிள் வந்த பிறகு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. குரலும் தெளிவாகிறது, இரைச்சலும் தெளிவாகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். யூடியூபில் வருகிற ஒலி ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டது. சிடி தரம் நொடிக்கு 1,411 கிலோபிட் என்றால் அங்கே வருவது பெரும்பாலும் 160க்குள். வசதி இருந்தால் சொந்த சிடிகளை, தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் மியூசிக் சந்தாவிலும் 2021இல் இருந்து இழப்பில்லாத தரம் கூடுதல் பணமில்லாமல் கிடைக்கிறது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் எழுதியிருப்பதற்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், வயது ஏற ஏற அதுவும் குறையும். நொடிக்கு 44,100 எண்கள் என்ற சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே அதில் பாதியான 22 வரை தாங்கும். ஆண்ட்ராய்டு பெரும்பாலும் எல்லாப் பாட்டையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. அது பிடிக்கவில்லை என்றால் யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போன்ற செயலி, எல்லா ஒலியையும் கலந்து மாற்றும் சிஸ்டத்தின் மிக்ஸரைத் தொடாமல் டேக்குக்கு நேராக அனுப்பும். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14இல் மற்ற செயலிகளும் அப்படி அனுப்ப வழி வந்திருக்கிறது. நான் அந்தச் செயலியை வாங்கியது வேறு காரணத்துக்காக. ஆப்பிளின் டைப்-சி டாங்கிள் விலைக்கு மிக நல்ல பொருள், ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் மாட்டினால் சத்தம் குறைவாக வரும், ஏனென்றால் அதற்குள் இருக்கிற வால்யூம் முழுக்க ஏறுவதில்லை. அந்தச் செயலியில் அதை ஏற்றிவிடலாம். மற்ற செயலிகளில் சத்தம் குறைவாகவே இருக்கும், அதனால் ஆண்ட்ராய்டுக்கு வேறு டாங்கிள் பார்ப்பதே நல்லது.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேட்பதற்கு எந்த டேக்கும் உதவாது. இன்ஜின் உறுமல், ஹாரன், டிரைவர் போடும் பாட்டு இவ்வளவுக்கும் நடுவில் டாங்கிள் கொடுக்கிற அந்த அமைதியை எங்கே கேட்பது? அங்கே வேண்டியது காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை. இயர்போனோடு வரும் மூன்று அளவையும் போட்டுப் பார்த்து, எதில் வெளிச் சத்தம் நன்றாகக் குறைகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே பஸ் சத்தத்தை அமுக்குவதற்காக வால்யூமை ஏற்றும் பழக்கமும் நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று அளவு சொல்லியிருக்கிறது, சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். 2 வோல்ட் டாங்கிளில் சாதாரண இயர்போனை மாட்டினால் இந்த அளவைத் தாண்டுவது மிகச் சுலபம்.

அதனால் முதல்முறை மாட்டும்போது ஹெட்போனைக் காதில் வைக்காமல், வால்யூமை அடிமட்டத்துக்கு இறக்கி, பாட்டை ஓடவிட்டு, அதன் பிறகு மாட்டிக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். டாங்கிளை எப்போதும் போனில் முதலில் செருகிவிட்டு ஹெட்போன் பின்னை அப்புறம் செருகுங்கள். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பின்னின் தலையைப் பிடித்துக் கழற்றுங்கள், என் முதல் டாங்கிளில் அறுந்தது அந்த இடம்தான். சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்க இரட்டை வாய் உள்ள அடாப்டர் கிடைக்கிறது, ஆனால் மட்டமான சார்ஜர் என்றால் பின்னால் ஒரு 'ம்ம்ம்' கேட்கும். ராத்திரி கேட்பதற்கு முன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள். ஹெட்போன் மாடல் பெயரையும் அட்டையில் உள்ள ஓமையும் கீழே எழுதுங்கள், எத்தனை வோல்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.