கொலு வைத்த வீட்டில் பேய்ப் படம்

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சிக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே அக்டோபர் பிறந்தாலே தெருவின் முகம் மாறிவிடும். வாசலில் பூசணி, புல்தரையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, செடிகளின் மேல் பஞ்சை இழுத்துவிட்ட சிலந்தி வலை. அலுவலகத்தில் சிலர் முதல் தேதியிலிருந்து முப்பத்தொன்று வரை தினம் ஒரு திகில் படம் என்று கணக்கு வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களோடு பேச விஷயம் வேண்டுமே என்றுதான் நானும் ஆரம்பித்தேன். இப்போது செப்டம்பரிலேயே பட்டியல் போடுகிறேன். கணவர் எட்டிப் பார்ப்பதோடு சரி. அம்மா போனில், "கொலு வைத்த வீட்டில் பேய்ப் படமா?" என்று கோபித்துக்கொண்டார். பயப்படுவதற்கென்றே தேடிப்போய் உட்காருவது ஏதாவது மனக்கோளாறா என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வருகிறது. போதாததற்கு ஒன்பது வயது மகன் தானும் பார்ப்பேன் என்கிறான். அவனுக்கு என்ன காட்டலாம்? நான் படிக்கவும் ஏதாவது சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

அம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கொலுப்படியில் மகிஷாசுரமர்த்தினி இருக்கிறாளா? வெட்டுண்ட எருமைத் தலை, அந்தக் கழுத்திலிருந்து பாதி வெளியே வந்த அசுரன், அவன் மார்பில் பாய்ந்த சூலம். இவ்வளவையும் படியில் வைத்து, எதிரே சுண்டல் கிண்ணத்தையும் வைத்துவிட்டுத்தான் பாட்டுப் பாடுகிறோம். (இதை அம்மாவிடம் சொல்லிச் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.)

மனக்கோளாறு என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று கணக்கிடும்போது நகை, அழுகை, உவகை எல்லாவற்றோடும் அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறார். அது எதனால் வரும் என்றும் சொல்லிவிடுகிறார்: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." உங்கள் அக்டோபர் பட்டியலை இந்த நான்கில் பிரித்துப் பாருங்கள். பேய் பிடித்த வீடுகள் எல்லாம் அணங்கு. சுறாவும் ஓநாய் மனிதனும் விலங்கு. முகமூடி போட்டுக்கொண்டு கத்தியோடு வீட்டுக்குள் நுழைகிறவன் கள்வர் கணக்கில் வருவான். நான்காவது, ஆள்கிறவர். அவருக்கு முகமூடிகூடத் தேவையில்லை.

பயம் ஏன் இனிக்கிறது என்பதற்கு டென்மார்க்கில் ஒரு நல்ல ஆராய்ச்சி நடந்தது. ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள், காசு கொடுத்துப் பயப்படப் போகிற ஒரு பேய் வீட்டில், 110 பேருக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவியை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். பயம் ஏற ஏற ரசனையும் ஏறுகிறது, ஒரு இடத்தைத் தாண்டினால் ரசனை இறங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஊறுகாய்க்கு உப்பு போல என்று என் மனைவி சொன்னாள். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கணவருக்கு எட்டிப் பார்ப்பதே போதுமான அளவாக இருக்கலாம். அவரை இழுத்து உட்கார வைக்காதீர்கள்.

பேய்க்கதைக்கு அக்டோபர்தான் மாதம் என்றும் எங்கும் விதியில்லை. இங்கிலாந்தில் அது கிறிஸ்துமஸ் காலத்துச் சங்கதி. எம்.ஆர். ஜேம்ஸ் தன் பேய்க்கதைகளைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டினார். ஜப்பானில் கோடையில் சொல்வார்கள், உடம்பு சில்லிட்டுப் போகட்டும் என்று. எங்களுக்கு மே மாத மொட்டை மாடி. அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீன், அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பண்டிகை. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பூசணி கிடைத்தது. சரி, அது பழைய கதை.

எனக்கு அதைவிடச் சுவாரசியம் தொலைக்காட்சி இதற்குள் வந்த கதை. 1957-இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் யுனிவர்சலின் பழைய படங்கள் 52-ஐ ஒரே கட்டாக உள்ளூர் நிலையங்களுக்குக் கொடுத்தது. டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் எல்லாம் அதில் உண்டு. தியேட்டரில் ஓடி முடிந்திருந்த பேய்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தன. படத்தை அப்படியே ஓட்டாமல், ஊருக்கு ஊர் ஒரு தொகுப்பாளரைப் பிண வேஷத்தில் உட்கார வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸில் 1954-லேயே வாம்பைரா என்ற பெயரில் ஒரு பெண்மணி இதைத் தொடங்கியிருந்தார். இடைவேளையில் வந்து அசட்டு ஜோக் அடிப்பார்கள், படத்தையே கிண்டல் செய்வார்கள். பயந்த பிள்ளை அந்த ஜோக்கில் மூச்சு விட்டுக்கொள்ளும். கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் கூட்டிப்போகிற தாய்மாமன் மாதிரி.

அந்த மாமாவே பேயாகிவிட்டால்? 1992 அக்டோபர் 31 இரவு பிபிசி அதைச் செய்து பார்த்தது. 'கோஸ்ட்வாட்ச்' என்று ஒரு நிகழ்ச்சி. லண்டனில் ஒரு சாதாரண வீடு, ஒரு தாய், இரண்டு பெண்கள், ஏதோ குழாய்ச் சத்தம். நேரலை போலவே இருந்தது. உண்மையில் ஸ்டீஃபன் வோல்க் எழுதி முன்கூட்டியே எடுத்து வைத்த நாடகம். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தவர் மைக்கேல் பார்க்கின்சன், அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பேட்டியாளர். பேய் வீட்டுக்குள் போனவர் குழந்தைகள் நிகழ்ச்சியில் வருகிற சாரா கிரீன். நாமெல்லாம் பார்த்துப் பழகிய முகங்கள், இவர்கள் இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்று குடும்பத்தோடு பார்த்தார்கள். திரையில் ஒரு தொலைபேசி எண் வேறு. அழைத்து லைன் கிடைத்தவர்களுக்கு, இது நாடகம்தான் என்று சொல்லப்பட்டது. அழைப்பு குவிந்ததில் பலருக்கு எங்கேஜ்டு டோன்தான் கேட்டது. அந்த நேரத்தில் அதைவிடப் பயமுறுத்தும் சத்தம் எது? கடைசியில் சாரா கிரீன் மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் சிக்கிக்கொள்கிறார். பார்க்கின்சன் இருண்ட ஸ்டூடியோவில் தனியாக நின்று, வேறு யாருடைய குரலிலோ குழந்தைப் பாட்டு முணுமுணுக்கிறார்.

ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். புகார்கள் கொட்டின. பார்த்த பிள்ளைகள் சிலருக்கு மனப்பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழில் குறிப்பு வந்தது. பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. நான் பிற்பாடு, நாடகம் என்று தெரிந்தே பார்த்தேன். மிக நல்ல படைப்பு. ஆனால் அன்றைய பார்வையாளர்களுக்காக எனக்குக் கோபமும் வந்தது. "இது கதைதான்" என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே கதவு தொலைபேசி. அதுவும் அடைத்துக்கொண்டது. நீங்கள் அக்டோபரில் தினமும் அனுபவிப்பது வேறு. உங்கள் கையில் ரிமோட் இருக்கிறது, முப்பத்தொன்றாம் தேதி என்று ஒரு முடிவு இருக்கிறது. உங்கள் சந்தேகத்துக்கு என் பதில் இவ்வளவுதான்.

அமெரிக்க ஹாலோவீன் படம் என்றால் ஜான் கார்ப்பெண்டர் இயக்கிய 1978 'ஹாலோவீன்'. உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். பெரிய பணம் கிடையாது, சுமார் 3 லட்சம் டாலர். கதை இல்லினாய் மாநிலத்தில், இலையுதிர் காலத்தில் நடக்கிறது. எடுத்ததோ கலிஃபோர்னியாவில், வசந்த காலத்தில். காகித இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் பரப்பினார்கள், ஷாட் முடிந்ததும் பொறுக்கிப் பையில் போட்டு அடுத்த தெருவில் பரப்பினார்கள். கொலைகாரனின் முகமூடி, கடையில் வாங்கிய, 'ஸ்டார் டிரெக்' டிவி தொடரில் வருகிற கேப்டன் கிர்க்கின் முகம். வெள்ளைப் பெயின்ட் அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். அவ்வளவு பேர்போன படத்தில் ரத்தம் மிகக் குறைவு என்பதையும் கவனியுங்கள்.

பயத்தின் பெரும்பகுதி காதில் இருக்கிறது. இசை சேர்க்காமல் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குப் பயமே வரவில்லை என்று கார்ப்பெண்டரே எழுதியிருக்கிறார். பிறகு அவரே உட்கார்ந்து இசையமைத்தார். ஐந்தைந்தாக எண்ணும் தாளம், நம் கண்ட நடை மாதிரி. சின்ன வயதில் அப்பா பாங்கோவில் தட்டிக் கற்றுக்கொடுத்ததாம். நாலு நாலாக எண்ணிப் பழகிய காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு கூடுதலாக விழுகிறது, எங்கும் நிம்மதியாக உட்கார முடிவதில்லை.

இன்னொன்று. அந்தப் படத்தில் ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் டிவியில் 1951-ஆம் வருடத்துத் திகில் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நிஜமானவன் தெருவில் நிற்பான். சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற நாம் ஒருமுறை ஜன்னலைத் திரும்பிப் பார்ப்போம்.

மகனுக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 1966-இல் வந்த சார்லி பிரவுன் பூசணி கார்ட்டூன் படத்தைக் காட்டுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. லைனஸ் என்ற பையன் பூசணித் தோட்டத்தில் ராத்திரி முழுக்க ஒரு தேவதைக்குக் காத்திருப்பான். அது வராது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கிடைக்க, சார்லி பிரவுனின் பையில் மட்டும் கல் விழும். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்ததே, அன்று அவன் வாங்கிவந்த மிட்டாயையும் நீங்கள் செய்த பட்சணத்தையும் ஒரே தட்டில் கொட்டியிருப்பானே, அவனுக்கு இந்தக் கல் புரியும். அதற்கு மேல் கேட்டால் ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் மொட்டை மாடியில் பெரியப்பா மகன் கதை சொல்லும்போது, யார் "போதும்ணே" என்றாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். நாங்கள் யாரும் சீக்கிரம் சொன்னதில்லை.

படிக்க: ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 1959. 2018-இல் வந்த தொடரைப் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று நினைக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு. நாவலில் வீடு பேய் பிடித்ததா, அந்தப் பெண்ணின் மனமா என்று கடைசிவரை கையில் சிக்காது. அதன் பிறகு ரே பிராட்பரியின் 'தி அக்டோபர் கன்ட்ரி' கதைகள், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ஒரே ஒரு கதைக்குத்தான் நேரம் என்றால் டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'தி மங்கீஸ் பா', 1902. மகன் தூங்கிய பிறகு கணவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர் ஒத்துக்கொண்டால். கதவுக்கு வெளியே நிற்பது என்ன என்று ஜேக்கப்ஸ் நமக்குக் காட்டுவதே இல்லை, தட்டும் சத்தம் மட்டும்தான். அந்த இடம் வரும்போது மேஜையைத் தட்டாதீர்கள். நான் தட்டினேன். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.