வழி தெரிந்த கொக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குச் சைபீரியக் கொக்குகள் இப்போது வருவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சீனாவில் அதே இனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறதாமே. சிலவற்றைக் கொண்டுவந்து விட்டால் வரத்து மறுபடி தொடங்காதா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

விட்டுப் பார்த்தாகிவிட்டது. சீனக் கொக்குகளை அல்ல, கூண்டில் வளர்த்த குஞ்சுகளை. 1990களில், பரத்பூருக்கு அப்போதும் வந்துகொண்டிருந்த காட்டுக் கொக்குகளின் அருகிலேயே விட்டார்கள். குளிர்காலம் முடிந்து அவை கிளம்பின. வளர்ப்புக் குஞ்சுகள் கூடப் போகவில்லை.

வலசைப் பாதையைக் கொக்கு முதல் பயணத்தில் தாய் தந்தையோடு பறந்துதான் கற்கிறது. இடுவது பெரும்பாலும் இரண்டு முட்டை, அடைகாப்பு 29 நாள், தேறுவது அநேகமாக ஒரே குஞ்சு. பெற்றோர் வெள்ளை, முகம் சிவப்பு, இறக்கை நுனி கறுப்பு. குஞ்சு இலவங்கப்பட்டை நிறம். குளிர்காலம் முழுக்க மூன்றும் ஒன்றாகவே மேயும். வழியில் பெரிய பறவை செத்தால் பாதையும் அதோடு போயிற்று.

பரத்பூர் கூட்டம் மேற்குச் சைபீரியாவில் கூடுகட்டி, கஜகஸ்தான், ஆப்கானிஸ்தானின் ஆப்-இ-எஸ்தாதா ஏரி, பாகிஸ்தான் வழியாக 5,000 கி.மீ.க்கு மேல் பறந்து வந்தது. பாகிஸ்தானின் குர்ரம் பள்ளத்தாக்கில் பழக்கிய கொக்கைக் கத்தவிட்டு, மேலே போகும் கூட்டத்தைத் தாழ இறக்கி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசிப் பிடிப்பார்கள். குறி வேறு கொக்கினங்கள் மேல்தான் என்றாலும் கயிறு இனம் பார்ப்பதில்லை. 1960களில் பரத்பூரில் சுமார் 200 இருந்தன. 2001-02 குளிர்காலத்தில் வந்த ஜோடியே கடைசி.

பழி முழுவதையும் வேட்டைக்காரர்கள் மேல் போட்டுவிடுவது நமக்கு வசதி. 1982இல் பரத்பூரில் எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மேல் துப்பாக்கிச்சூடே நடந்தது. மேய ஆளில்லாமல் நீர்ப்புல் சதுப்பை அடைத்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில் நின்று, நீண்ட அலகைச் சேற்றில் புதைத்துக் கோரைக்கிழங்கு தோண்டும் பறவைக்கு அந்தப் புல்மெத்தையைத் துளைப்பது பெரும்பாடு.

நீங்கள் சொல்லும் சீனக் கொக்குகள் கிழக்குச் சைபீரியாவின் யகூத்தியாவில் பிறந்து போயாங் ஏரியில் குளிர்காலம் கழிப்பவை. அவற்றுக்குத் தெரிந்தது அந்த வழிதான். மேற்கே மிஞ்சியது, பல ஆண்டுகளாக ஈரானின் காஸ்பியன் கரையோர ஊரான ஃபெரீதுன்கெனாருக்குத் தனியாக வந்துபோன ஓர் ஆண் கொக்கு. ‘ஓமித்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு குஞ்சு அதன் பின்னால் பறக்கக் கற்றிருந்தாலும் வந்து சேர்ந்திருப்பது காஸ்பியன் கரைக்கு, பரத்பூருக்கு அல்ல.