ஆபரேட்டர் அண்ணாச்சி பதில்கள்

திருநெல்வேலி டவுனில் ஒரு தியேட்டரில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். பிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகு, கூப்பிடுகிற கல்லூரிகளுக்குப் போய் குறும்பட விழாக்களில் படம் ஓட்டிக் கொடுக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

கேள்வி: கல்லூரிக் குறும்பட விழாவில் திரையிடும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. 40 படம் வந்திருக்கிறது. பாதி வாட்ஸ்அப்பில், மீதி பென்டிரைவிலும் கூகுள் டிரைவ் லிங்க்காகவும். எதிலிருந்து தொடங்க, அண்ணாச்சி?
விஸ்காம் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களிடம் படத்தை மறுபடி கேளுங்கள். அது வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். போனில் தெரியாது, பெரிய திரையில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். டிரைவ் லிங்க்கில், 1920×1080 அளவில், எம்பி4 ஆகக் கேளுங்கள். பென்டிரைவில் தருபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். ஃபேட்32 முறையில் பார்மட் செய்த பென்டிரைவ், 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைலை ஏற்காது. "காப்பி ஆகமாட்டேங்குது" என்று விழா அன்று காலையில் ஓடி வருகிறவர்கள் பலர் இதில்தான் மாட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் பார்மட் செய்தால் சரியாகிவிடும்.

எல்லாப் படத்தையும் ஒரே லேப்டாப்பில் இறக்கி, ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02 என்று ஓட்டும் வரிசையைப் போடுங்கள். அதே வரிசை இன்னொரு லேப்டாப்பிலும் இருக்கட்டும். நெட்டிலிருந்து நேராக ஓட்டவே வேண்டாம்.

அப்புறம் சத்தம். சில வருஷம் முன்பு ஒரு கல்லூரியில் நான்தான் படம் ஓட்டினேன். பீடி சுற்றும் தன் ஆச்சியைப் பற்றி ஒரு பிள்ளை பதினொரு நிமிஷப் படம் எடுத்திருந்தாள். சட்டையில் குத்தும் மைக்கில் பதிவான ஆச்சியின் பேச்சு இடது பக்க ஸ்பீக்கருக்குப் போகும் சேனலில் மட்டும் இருந்தது, இசை வலதில். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்கு நான் ஒரே வயர் கொடுத்திருந்தேன், அது வலது. மடியில் பீடித்தட்டோடு ஆச்சி வாயை அசைக்கிறார், இலையை நறுக்குகிறார், புல்லாங்குழல் மட்டும் கேட்கிறது. பேசாத படம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போனதை நான் கவனிக்கவில்லை. அடுத்த படம் பாதி ஓடியபோதுதான் அவளுடைய தோழி வந்து சொன்னாள்.

சாயங்காலம் பரிசு கொடுத்து முடிந்ததும், இரண்டு வயரும் போட்டு அந்தப் படத்தை மறுபடி ஓட்டினோம். முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஆச்சி தன் கல்யாணக் கதையைச் சொல்லும் இடத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். மதியம் அந்த இடத்தில் ஒருவரும் சிரித்திருக்கவில்லை. ஆனால் நடுவர்கள் மதியம் பார்த்ததை வைத்துத்தான் மதிப்பெண் போட்டிருந்தார்கள். அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை. ஒரு வருஷ உழைப்பு, என் ஒரு வயரில் போயிற்று.

அதனால்தான் சொல்கிறேன். முந்தின நாளே அதே அரங்கத்தில், அதே வயரில், ஒவ்வொரு படத்தையும் போட்டுப் பாருங்கள். முழுதாகப் பார்க்க நேரமில்லை என்றால் தொடக்கம், பேச்சு வரும் ஓரிடம், முடிவு, இந்த மூன்றையாவது பாருங்கள். மிக்சருக்கு இடம் வலம் இரண்டும் வருகிறதா என்று காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சத்தம் எந்த எண்ணில் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே நின்றுவிடும். படம் எடுத்தவர்களையும் முந்தின நாள் வரச் சொல்லுங்கள். அவர்கள் படம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் ஆடிட்டோரியத்தில் ஜன்னல் அதிகம். பகலில் திரை வெளுத்துப் போகிறது. பெரிய புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாமா?
மாணவர், சேரன்மகாதேவி

பதில்: முதலில் கறுப்புத் துணி வாங்குங்கள். திரையில் கறுப்பு என்பது வெளிச்சம் விழாத இடம்தான். அங்கே வெயில் விழுந்தால் எத்தனை ஆயிரம் லூமென்ஸ் வெளிச்சம் தரும் புரொஜெக்டராலும் கறுப்பைக் காட்ட முடியாது. மதியத்துக்கு மேல் தொல்லை தருவது மேற்கு ஜன்னல்தான், அதை இரண்டு மடிப்பாக மூடுங்கள். ஃபேன் காற்றில் துணி பறக்காமல் கீழே செங்கல் வையுங்கள்.

கேள்வி: காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அரங்கம் கிடைத்திருக்கிறது. எத்தனை படம் தேர்வு செய்யலாம்?
விழா ஒருங்கிணைப்பாளர், நாங்குநேரி

பதில்: கையில் 420 நிமிஷம். சாப்பாட்டுக்கு 60, தொடக்க விழாவுக்கு 45, இரண்டு டீக்கு 30, பரிசளிப்புக்கு 45 போனால் மீதி 240. பத்து நிமிஷப் படம் என்று வைத்தாலும், எடுத்தவர் மேடையேறிப் பேசி, யாராவது ஒரு கேள்வி கேட்க ஐந்து நிமிஷமாவது வேண்டும். ஆக 16 படம். ஆஸ்கர் விதியில் 40 நிமிஷம் வரை குறும்படம்தான், ஆனால் ஒருநாள் விழாவுக்கு 15 நிமிஷத்தோடு நிறுத்துங்கள்.

தொடக்க விழாப் பேச்சு நீண்டால் கடைசி இரண்டு படத்தைத் தூக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமே இல்லை. சாப்பாட்டு நேரத்தைக் குறையுங்கள், டீயைக் கையில் கொடுங்கள், படத்தில் கை வைக்காதீர்கள். முடிந்தால் விழாக் குழுவில் நான்கு பேராவது திருவனந்தபுரம் போய்வாருங்கள். அங்கே 2008 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் சர்வதேச விழா நடத்துகிறார்கள். நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்விடலாம்.

கேள்வி: விழாவுக்கு எந்த மாதம் நல்லது?
ஆசிரியை, மேலப்பாளையம்

பதில்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை விட்டுவிடுங்கள். மழை, செமஸ்டர் தேர்வு இரண்டும் அப்போதுதான். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, இங்கே ஜங்ஷன் பேருந்து நிலையமே தண்ணீரில் நின்றது. ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம் வரும், டவுன் பக்கம் அரங்கம் என்றால் ஒருவராலும் உள்ளே வர முடியாது. ஆடியில் வைப்பதென்றால் பக்கத்துக் கோயில்களில் கொடைத் திருவிழா என்றைக்கு என்று முதலில் விசாரியுங்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் உங்கள் படத்தில் வசனம் கேட்காது. அது அவர்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்த நாள், நாம்தான் தேதியை மாற்றிக்கொள்ள வேண்டும். பொங்கல் கழிந்து மாசி வரைக்கும் உள்ள நாட்கள் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: மாணவர் படங்களுக்கு சென்சார் வேண்டுமா?
மாணவர், வள்ளியூர்

பதில்: பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது 1952ஆம் வருஷ ஒளிப்பதிவுச் சட்டம். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவில் விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. சான்றிதழ் இல்லாத படங்களைத் திரையிடும் விழாக்கள் இதன்படிதான் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கேட்கின்றன. வெளியாட்களையும் அழைக்கப் போகிறீர்கள் என்றால், படப் பட்டியலோடு கல்லூரி மூலமாக நல்ல அவகாசம் விட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: என் மகன் இரண்டு மாதமாக விழா வேலை என்று அலைகிறான். ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறான். அவன் படம்கூட எடுக்கவில்லை, மற்றவர்கள் படத்துக்குத்தான் இந்த ஓட்டம். கண்டிக்கலாமா?
தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, கடைசி பஸ் நேரத்துக்குள் வேலையை முடி என்று கண்டியுங்கள். அது நியாயம். வேலையை விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் பதினெட்டு வயதில் தியேட்டரில் உதவியாளாகச் சேர்ந்தபோது என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். 2,000 அடி ரீல் ஒன்று 22 நிமிஷம் ஓடும். முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். முதல் புள்ளிக்கு, அடுத்த ரீல் மாட்டிய இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓட விட வேண்டும், அடுத்த புள்ளிக்குப் படத்தை அந்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். மாற்றியதே தெரியாமல் ஜனங்கள் படத்தில் மூழ்கியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். படம் என்னுடையது இல்லைதான்.

உங்கள் மகன் இந்த இரண்டு மாதத்தில் கல்லூரி முதல்வருக்கு அனுமதிக் கடிதம் எழுதியிருப்பான், டீக்கடைக் கணக்கு வைத்திருப்பான், தேர்வாகாத பையனுக்குப் போன் செய்து அதைப் பக்குவமாகச் சொல்லியிருப்பான். அந்த மூன்றாவது வேலைக்குப் பெரியவர்களே தயங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்காரும்போது அதைப் பற்றிக் கேளுங்கள், சொல்லுவான்.

விழாவுக்கு நீங்களும் வாருங்கள். டிக்கெட் கிடையாது. அவன் முன்வரிசையில் இருக்க மாட்டான், பின்னால் மிக்சர் பக்கத்தில் நிற்பான். அங்கேயே உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.