முதியோரின் செவித்திறன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். பேரன் பேசுவது புரியவில்லை என்கிறார். காதைப் பரிசோதிக்கலாம் என்றால், "எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது, நீங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்" என்று கோபப்படுகிறார். அவர் மனம் நோகாமல் வீட்டிலேயே அவ்வப்போது கவனித்துக்கொள்ள வழி உண்டா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் மாமனார் தமக்குத் தோன்றுவதையே சொல்கிறார். முதுமையில் வரும் காது மந்தம் பெரும்பாலும் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளையே முதலில் பாதிப்பதால், பேருந்தின் இரைச்சலும் கதவைத் தட்டும் ஓசையும் தெளிவாகக் கேட்கும் ஒருவருக்கு 'ச', 'ஸ' போன்ற ஒலிகளும் குழந்தைகளின் குரலும் மங்கிவிடும். பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. ஆகவே கத்திப் பேசுவதில் பயனில்லை. முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசுங்கள்.

அவரை மட்டும் உட்காரவைத்துச் சோதிக்க வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், அவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் வேளையிலேயே, வீட்டில் உள்ள அனைவரும் முறைவைத்து இதைச் செய்து பாருங்கள். அமர்ந்திருப்பவருக்குப் பின்னால் கை நீளத் தொலைவில் நின்று, அவரது ஒரு காதை மூடச் சொல்லிவிட்டு, மூச்சை முழுவதும் வெளியே விட்டபின், '4, க, 2' என்பதுபோல் எண்ணும் எழுத்தும் கலந்த மூன்றைக் கிசுகிசுக்க வேண்டும்; அமர்ந்திருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் வேறு மூன்றைச் சொல்லுங்கள். ஆறில் மூன்றுகூடச் சரியாக வரவில்லை எனில், ஆடியோகிராம் என்னும் செவித்திறன் பரிசோதனை எடுப்பது அவசியம். டி.வி. திரையில் தெரியும் ஒலி அளவின் எண்ணையும், தொலைபேசியை எந்தக் காதில் வைக்கிறார் என்பதையும் இரத்த அழுத்தம் குறிக்கும் நோட்டிலேயே எழுதி வாருங்கள். மாற்றம் தெரிந்தால் அந்தக் குறிப்பையே மருத்துவரிடம் காட்டலாம்.

குறும்பி அடைத்திருந்தாலும் கேட்பு குறையும். அதற்காகக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் பட்ஸால் குடைவதும் கூடவே கூடாது. மருத்துவர் சில நிமிடங்களில் அதை அகற்றிவிடுவார். ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் மாதக் கணக்குப் பார்க்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும்; நாள்கள் கடந்தால் மருந்து பலன் தரும் வாய்ப்பு குறைகிறது. தவிர்க்கத்தக்க மறதிநோய்க் காரணிகள் 14 என லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டபோது, கேட்புக் குறைபாட்டையும் அதில் சேர்த்திருக்கிறது என்பதால், 'வயதானால் அப்படித்தான்' என்று இதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வாங்கிய காது மெஷின் அலமாரியிலேயே கிடக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூட அவருக்கு இரைச்சலாகத் தோன்றும். அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசும்போது தினமும் சிறிது நேரம் அணியச் செய்து, நேரத்தை மெல்லக் கூட்டுங்கள். காலையில் பல் துலக்கியதும் பேட்டரியையும், மெஷினில் குறும்பி அடைத்திருக்கிறதா என்பதையும் நீங்களே பார்த்துக் கொடுங்கள். அப்படியும் ஒலி உறுத்தினால், கேட்பியல் நிபுணரிடம் கொண்டுசென்று ஒலி அளவைத் திருத்தி வாங்குங்கள்.