குளிர் நாட்டு மான்கள் பெரிதாகவும் வெயில் நாட்டு மான்கள் சிறிதாகவும் இருப்பது ஏன்? பூமி சூடானால் மான்கள் சிறுத்துவிடுமா?

ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் "பெர்க்மன் விதி, 1847" என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைத்துவிடும். குளிர்ப் பகுதியில் வாழும் விலங்குகளுக்கு உடம்பு பெரிதாக இருக்கும், சூடு வீணாகாமல் இருக்க, என்பதுதான் அந்த விதி. இந்தக் கேள்விக்கு வந்த மற்ற பதில்களும் அதோடு கடையைக் கட்டிவிட்டன. விதியைக் குறை சொல்லவில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் தோலின் பரப்பு 4 மடங்குதான் ஆகும், எடை 8 மடங்காகிவிடும். அதாவது பெரிய உடம்பில் எடைக்குத் தோல் குறைவு, சூடும் மெதுவாகத்தான் வெளியேறும். குண்டானில் இருக்கும் சோறு சூடு தாங்கும், தட்டில் பரப்பினால் ஆறிவிடும், அதே கணக்குதான். ஆனால் மானோடு நேரடியாக மோதியவன் என்ற முறையில் எனக்கு இதோடு விட மனசில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வட மின்னசோட்டாவில். நவம்பரில் வெள்ளைவால் மான்கள் இணை தேடும் பருவம். ஆண் மான்களுக்கு ரோடும் தெரியாது, ஹெட்லைட்டும் தெரியாது. அப்படி ஒன்று குறுக்கே பாய்ந்து பானெட் சப்பளிந்து, ரேடியேட்டர் உடைந்து, நட்டநடு ரோட்டில் நின்றோம். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்தவரும் நானும் ஆளுக்கொரு கொம்பாகப் பிடித்து இழுத்தும் அதை ஓரத்துக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. "கறி வேணுமா? பெர்மிட் எழுதித் தரேன்" என்றார். வீட்டில் சைவம் என்று நழுவிவிட்டேன். இந்தப் பக்கத்தில் வளர்ந்த ஆண் மான் 100 கிலோவைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

   எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள், நான் மானை இடிக்கவில்லை, தடுப்புக் கம்பியில்தான் இடித்தேன் என்று சாதித்தார். கிரில்லில் சிக்கியிருந்த முடியைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் வாயை மூடினார். தடித்த, உள்ளே கூடாகக் காற்று அடைத்த குளிர்கால முடி அது. குளிரைத் தாங்க உடம்பின் அளவை மட்டும் மான் நம்பியில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகொரு விடுமுறைக்கு ஃபுளோரிடாவின் தென்கோடியில் பிக் பைன் கீ தீவுக்குப் போனோம். அங்கேயும் அதே வெள்ளைவால் மான்தான், கிளையினம் மட்டும் வேறு. வளர்ந்த ஆணே 25 முதல் 35 கிலோதான். தோள் என் தொடை உயரத்துக்குத்தான் வந்தது. என் மகள் அத்தனையும் குட்டி என்றே நினைத்தாள்.

வெயில்தான் காரணம் என்று நீங்கள் முடிவுகட்டுவீர்கள். பாதிதான் சரி. பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது தீவுகளில் மாட்டிக்கொண்ட மான்கள் இவை. தீனி கொஞ்சம், நல்ல தண்ணீர் அதைவிடக் கொஞ்சம். அங்கே சிறுத்த உடம்புக்குத்தான் கட்டுப்படியாகும். வடக்கே கதை நேர்மாறு. பனி உருகியதும் புரதம் மிகுந்த இளந்தளிர் குவிகிறது. இலையுதிர் காலத்துக்குள் எடை போடாத குட்டிக்குக் குளிர்காலம் தாண்டுவது கஷ்டம். வேலரியஸ் கைஸ்ட் என்ற கனடிய உயிரியலாளர் 1987லேயே இதைத்தான் சொன்னார்: வடக்கே போகப் போக மான்களின் அளவு கூடுவது வட அட்சரேகை சுமார் 60 பாகை வரைதான், அதற்கு மேல் குறைகிறது, காரணம் குளிரல்ல, வளரும் பருவத்தில் கிடைக்கும் தீனி.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளைப் பாருங்கள். வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அங்கேயும் ரெயின்டீர் என்ற பனிமான்கள் வாழ்கின்றன. விதிப்படி அவை பூதாகாரமாக இருக்க வேண்டும். இருப்பதோ குட்டைக் கால் வைத்த சிறிய உருவம்.

"நம்ம ஊர் மிளா வெயிலில்தானே 200 கிலோவுக்கு மேல் வளர்கிறது" என்று யாராவது வருவீர்கள், தெரியும். மிளாவையும் புள்ளிமானையும் பக்கத்தில் நிறுத்தி இதைப் பேசக் கூடாது ஐயா. ஒரே இனத்துக்குள், அல்லது நெருங்கிய உறவுக்குள் ஒப்பிடுவதுதான் இந்த விதி.

பூமி சூடானால் மான்கள் சிறுத்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்வால்பார்டில் 1994இல் பிறந்த பெண் ரெயின்டீர்கள் வளர்ந்தபோது சராசரி 55 கிலோ, 2010இல் பிறந்தவை வளர்ந்தபோது சுமார் 48 கிலோதான். இது குளிர்காலக் கடைசியில், ஏப்ரலில் எடுத்த எடை. பனிமேல் மழை பெய்து கட்டியாக உறைந்துவிடுவதால் அடியில் இருக்கும் பாசியைத் தோண்டித் தின்ன முடிவதில்லை. கோடையில் புல் முன்னைவிட நன்றாக வளர்கிறது, அதனால் குட்டிகள் கூடி, மந்தையும் பெருகிவிட்டது. இருக்கிற தீனிக்கு வாய்கள் அதிகம்.