அலாய் மாட்டிய நாளிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுக்கிறது

கேள்வி: 2014 மாடல் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ வைத்திருக்கிறேன். வண்டியோடு வந்த 14 இன்ச் ஸ்டீல் வீலைக் கழற்றிவிட்டு, பழைய அலாய் விற்கும் கடையில் ஒரே செட் என்று சொன்ன 15 இன்ச் அலாய் நான்கை டயரோடு சேர்த்து 18,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். டயர் 195/60 ஆர்15. அன்றிலிருந்து 60-ஐத் தாண்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் லேசாகப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்தில் வீல் அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. ஒருவர் "எல்லாம் கரெக்டா இருக்கு, ரோடு சரிவு சார்" என்கிறார். இன்னொருவர் "அலாய் போட்டாலே இப்படித்தான்" என்கிறார். மூன்றாவது இடத்தில் பார்க்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம். உங்கள் பழைய ஸ்டீல் வீல்கள் இன்னும் வீட்டில் கிடக்கின்றனவா? மொட்டை மாடியிலோ ஷெட்டிலோ இருந்தால் இறக்கி, காற்றடித்து, நான்கையும் மாட்டுங்கள். இழுக்கிற அதே சாலையில், அதே வேகத்தில் ஒருமுறை போய் வாருங்கள். வண்டி நேராகப் போனால், ரோடு சரிவு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. சரிவு ஸ்டீல் வீலுக்கு ஒன்று, அலாய்க்கு ஒன்று என்று இருக்காது.

சரிவு என்பது முழுப் பொய்யும் இல்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகளை ஓரத்தை நோக்கிச் சாய்த்துத்தான் போடுகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் எந்த வண்டியும் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கும். ஆனால் அது ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் கொஞ்ச தூரத்தில் மெல்ல ஓரம் போகிற ஒதுக்கம். நீங்கள் சொல்வதுபோல விடாமல் எதிர்ப்பக்கம் பிடிக்க வைக்கிற இழுப்பு வேறு. இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். லாரிகள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த தடத்தில் அகலமான டயர் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் அலையும். 165 மில்லிமீட்டர் அகல டயரிலிருந்து 195-க்குப் போன உங்களுக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அலைச்சல் வேறு, ஒரே பக்கமாக இழுப்பது வேறு.

இப்போது அலைன்மென்ட். அந்த மெஷின் ரிம்மில் மாட்டிய கிளாம்பை வைத்துச் சக்கரத்தின் கோணத்தைத்தான் அளக்கிறது. டயருக்குள் கம்பி பெல்ட் எப்படிக் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதிலும் ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் கடைக்காரர் திருப்பி வைப்பது பெரும்பாலும் முன்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) ஒன்றைத்தான். டோ தப்பினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும். அது மட்டும் வண்டியைப் பக்கவாட்டில் இழுக்காது. இழுப்பைக் கொடுக்கிற கோணங்கள் கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் திரும்புகிற அச்சின் சாய்வு). கையில் பிரிண்ட் இருந்தால் அந்த இரண்டு வரிகளில் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அரை டிகிரிக்குள் இருந்தால் வண்டியை விட்டுவிட்டு டயர் பக்கம் வாருங்கள். பிரிண்டே தரவில்லை என்றால் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்பது தனிக் கேள்வி.

எனக்குச் சந்தேகம் டயர் மேல்தான். சுண்டல் பொட்டலத்தை மேசை மேல் உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நேராகப் போகாது, கூர்முனைப் பக்கமாக வளைந்து திரும்பும். டயர் தயாராகும்போது உள்ளே இருக்கிற பெல்ட் மையத்திலிருந்து சற்று விலகிவிட்டால், பார்க்க வட்டமாக இருந்தாலும் உருளும்போது அது பொட்டலம் மாதிரி நடந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, பேலன்சிங்கிலும் அகப்படாது. புது டயரிலேயே இது வரும். நீங்கள் வாங்கியதோ பழைய டயர். முன்பு ஓடிய வண்டியின் கோணல் எல்லாம் ரப்பரில் தேய்மானமாகப் பதிந்திருக்கும். முன்டயர் இரண்டின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு டயரில் ஒரு விளிம்பு மட்டும் மழமழவென்று இருந்தால் பாதிக் கதை தெரிந்துவிட்டது.

தடவும்போதே பக்கச்சுவரையும் படித்துவிடுங்கள். நான்கிலும் அதே சைஸ்தானா, அதே கம்பெனி, அதே மாடல்தானா? நான்கு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். இடது முன்டயர் 2019, வலது 2022 என்றால், செட் என்று சொல்லி விற்றது செட் இல்லை. முன்பக்கம் இரண்டில் எது கொஞ்சம் சிறிய வட்டமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். காற்று குறைந்த பக்கம் இழுப்பதும் அப்படித்தான். வண்டியை ஓட்டிய பிறகு காற்றைப் பார்க்காமல் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஒரே கேஜில் நான்கையும் பாருங்கள். முன்னால் இரண்டுக்கும் நாலைந்து பி.எஸ்.ஐ வித்தியாசம் இருந்தாலே இழுப்பு வரலாம். பங்க்கில் ஒன்றுக்கு ஒரு அளவும் இன்னொன்றுக்கு வேறு அளவும் காட்டுகிற கேஜ்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஸ்டீல் வீலை விற்றுவிட்டீர்கள் என்றால் செய்ய வேண்டியது இது. முன்னால் இருக்கிற இரண்டு சக்கரங்களையும் இடம் மாற்றுங்கள். இடது வலதுக்கு, வலது இடதுக்கு. பங்சர் கடையில் கால் மணி நேர வேலை. ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறிவிட்டால் கோளாறு டயரில். மாறாமல் இடப்பக்கமே இழுத்தால் கோளாறு வண்டியில். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் இப்படிப் பக்கம் மாற்றி ஓட்டக் கூடாது. அப்போது இடது முன்சக்கரத்தை இடது பின்னுக்கும், வலது முன்னை வலது பின்னுக்கும் மாற்றுங்கள். கோளாறான டயர் பின்னால் போனால் இழுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

வண்டியில்தான் கோளாறு என்று வந்தால் முதலில் பிரேக். பத்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பேடை அழுத்துகிற காலிபர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ்க்கையில் உள்ள ரப்பர். உங்கள் வண்டியின் வயதுக்கு அது போயிருந்தால் ஆச்சரியமில்லை.

"அலாய் போட்டாலே இப்படித்தான்" என்றவர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. பழைய 165/80 ஆர்14 டயரின் உயரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர், உங்கள் 195/60 ஆர்15-க்கு 615. அது ஒன்றும் பிரச்சினை இல்லை. பார்க்க வேண்டியது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. அலாயின் உட்புறத்தில் ஈ.டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 35, 40, 45 என்று ஒரு எண் வார்க்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அப்போது ஸ்டியரிங் திரும்புகிற அச்சுக்கும் டயர் தரையைத் தொடுகிற நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மாறினால் அதுவாக இழுக்காது. ஆனால் முன்பு கைக்குத் தெரியாமல் இருந்த சின்னச் சின்னக் குறையை எல்லாம் பெரிதாக்கிக் காட்டும். இதில் இன்னொரு வில்லங்கம்: பழைய செட்டில் ஒரு அலாய் குழியில் அடிபட்டு உடைந்து, அதே டிசைனில் வேறு ஈ.டி உள்ள ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். வெளியே பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். சக்கரத்தைக் கழற்றும்போது நான்கின் முதுகையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலை நாமக்கல் வாசகருக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். அடுத்த வாரம் இப்படி எழுதியிருக்கிறார்:

கேள்வி: ஸ்டீல் வீலைப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் முன்சக்கரம் இரண்டையும் இடம் மாற்றினேன். இப்போது வண்டி வலப்பக்கம் இழுக்கிறது! ஈ.டி எண் நான்கிலும் ஒன்றுதான். முன்டயர் ஒன்று மட்டும் மற்றதைவிட மூன்று வருடம் பழசு. கடைக்காரரிடம் சொன்னால் "விற்ற சரக்கு வாபஸ் இல்லை, போர்டு பார்க்கலையா" என்கிறார். பில் தரவில்லை, துண்டுச்சீட்டுதான். பணம் ஜிபேயில் அனுப்பினேன்.

பதில்: அப்படியென்றால் வண்டிக்குச் செலவு வைக்காதீர்கள். அந்தப் பழைய டயரை அதே பக்கத்துப் பின்டயரோடு மாற்றி எந்த டயர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். திசைக்குறியும் 'வெளிப்புறம்' என்ற குறியும் இல்லாத டயர் என்றால், ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினால் இழுப்பின் திசையும் திரும்பும். அதை வைத்து, எந்தப் பக்கம் எது நின்றால் ஒன்றையொன்று சமன் செய்யும் என்று பார்த்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அது சமாளிப்புதான். முன்னால் ஒரே மாதிரி இரண்டு டயர் போடுவதே சரி.

கடைக்காரரின் போர்டு செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்ற பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே பட்டியலில்தான்; பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. ஜிபே பதிவும் துண்டுச்சீட்டும் வாங்கியதற்குப் போதுமான அத்தாட்சி. ஆனால் உங்கள் பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய டயர் என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்? தேய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கேட்டால் எடுபடாது. "நான்கும் ஒரே செட் என்று சொல்லி விற்றார், தயாரிப்பு எண்கள் இதோ" என்று கேட்டால் எடுபடும். அதனால் 18,000-ஐக் கேட்டு ஆரம்பிக்காமல், அந்த ஒரு டயரை மற்றதற்கு ஜோடியான டயராக மாற்றித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள். படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருட அவகாசம் உண்டு. ஒரு டயருக்காக அவ்வளவு தூரம் போவதா என்றால், நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொண்டு டயரை மாற்றிவிடுவேன்.

தெரிந்தவரிடமோ தனிநபரிடமோ பழைய அலாய் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சட்டம் உதவாது. வியாபாரியிடம் வாங்கினால்தான்.

கேள்வி: என் பலேனோவுக்குப் புது அலாய் போட்ட பிறகு இழுப்பு எதுவும் இல்லை. ஆனால் 90-ல் ஸ்டியரிங் நடுங்குகிறது. இரண்டு முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை.
– வாசகி, திருப்பூர்

பதில்: அலாயின் நடு ஓட்டையைப் பாருங்கள். அது உட்காருகிற ஹப்பின் நடுமேடு பலேனோவில் 54.1 மில்லிமீட்டர். வெளிக்கடை அலாய்களில் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று அந்த மேட்டைவிடப் பெரிய ஓட்டை விட்டிருப்பார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால் சக்கரம் மயிரிழை விலகி உட்காரும். பேலன்சிங் மெஷினில் சரியாக இருப்பது வண்டியில் நடுங்கும். நட்டும் அந்த அலாய்க்கு உரிய கூம்பு முனை நட்டுதானா என்று கேளுங்கள். வளையத்தின் விலை சில நூறு ரூபாய்தான். அளவு சரியாக வாங்க வேண்டும். மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இம்பேக்ட் கன்னால் டர்ரென்று இறுக்கிவிட்டு "ஓகே மேடம்" என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.