கிணற்றில் மின்னுவது மாலிப்டினமா, பென்சில் கரியா?

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தோம். 55 அடியில் வந்த கல்லில் ஈயம் பூசினாற்போல மின்னும் செதில்கள். தொட்டால் கையெல்லாம் கறுப்பு. பார்த்த ஒருவர், ‘இது மாலிப்டினம், சோதனைச் செலவுக்கு 20,000 ரூபாய் கொடுங்கள், பார்ட்டியைக் கூட்டி வருகிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள் அண்ணாச்சி.

முதலில் காக்காப்பொன்னை, அதாவது மைக்காவை, ஒதுக்கிவிடலாம். அதன் செதிலை வளைத்து விட்டால் சட்டென்று நிமிரும், கையிலும் கறுப்பு ஒட்டாது. உங்களுக்கு ஒட்டுகிறது. ஆக மிச்சம் இரண்டு: பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், அல்லது மாலிப்டினம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த மாலிப்டினைட். இவற்றைக் குழப்பிக்கொள்வது பழைய வழக்கம். நாம் ஈயத்தையும் காரீயம் என்போம், பென்சில் கரியையும் காரீயம் என்போம். மாலிப்டினம் என்ற பெயரும் ஈயத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1778இல் ஸ்வீடனில் ஷீலே என்ற வேதியியலாளர்தான் இரண்டும் வேறு வேறு என்று காட்டினார்.

வெள்ளைப் பீங்கான் தட்டின் வழவழப்பான பக்கத்தில் செதிலைத் தேயுங்கள். கிராஃபைட் என்றால் கறுப்புத் தடம். மாலிப்டினைட் என்றால் தடத்தில் லேசாகப் பச்சை தட்டும். பகல் வெளிச்சத்தில், பக்கத்திலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்; வித்தியாசம் மெல்லியது. மாலிப்டினைட் கிராஃபைட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனம். அதற்காகப் பொடித்து, அரிசி களைவதுபோல அலசிப் பார்க்க வேண்டாம். இரண்டுமே தண்ணீர் ஒட்டாத ரகம்; பொடியானால் கனமானதும் மிதந்து ஏமாற்றும். ஆலைகளில் இந்தக் குணத்தை வைத்துத்தான் நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், செதிலைவிட அது உட்கார்ந்திருக்கும் கல்தான் உண்மையைச் சொல்லும். மாலிப்டினைட் பெரும்பாலும், பூமிக்குள் உருகிக் கிடந்து கிரானைட்டாக இறுகும் பாறைக்குழம்பின் கடைசிக் காலத்துச் சரக்கு. குழம்பு இறுகும்போது கல்லில் சேராமல் மிஞ்சும் சுடுநீர், கந்தகத்தையும் மாலிப்டினத்தையும் தூக்கிக்கொண்டு வெடிப்புகளில் ஏறி, வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பாகப் படியும். அமெரிக்காவில் கொலராடோவின் கிளைமாக்ஸ் சுரங்கத்தில் இப்படிப்பட்ட நுண்ணிய நரம்புகள் பாறையில் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அங்கேயே ஒரு டன் கல்லுக்குச் சில கிலோதான் தேறும். நம் மாநிலத்தில் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் வெங்கச்சங்கல் நரம்புகளில் மாலிப்டினைட் இருக்கிறது.

நெல்லைச் சீமையின் கதை வேறு. இங்குள்ள கோண்டலைட் பாறை ஒரு காலத்தில் களிமண் வண்டல். தாழையூத்தில் வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்லும் இப்படி வண்டலாகப் படிந்ததுதான். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இவையெல்லாம் பூமிக்குள் ஆழப் புதைந்து வெந்தன. சேற்றில் செத்த உயிர்கள் விட்டுப்போன கரி அப்போதுதான் கிராஃபைட் செதிலானது.

இப்போது உங்கள் கல்லைப் பாருங்கள். வரிவரியாக இருக்கிறதா? உவரிக் கடற்கரையில் மணலைச் சிவப்பாக்கும் கார்னெட், இதில் மணிமணியாகத் தெரிகிறதா? செதில்கள் அந்த வரியோடு வரியாகப் போகின்றனவா? அப்படியானால் பென்சில் கரிதான், நான் பந்தயம் கட்டுவேன். வரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளை நரம்பு ஓடி, அதில் பித்தளை நிறப் பைரைட்டும் ஈயநிறச் செதில் கொத்தும் சேர்ந்திருந்தால் மட்டும் சோதனைக்குக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

எதுவாக இருந்தாலும் நீங்களே தோண்டி விற்க முடியாது. 2023இல் திருத்திய சுரங்கச் சட்டத்தின் முக்கியக் கனிமப் பட்டியலில் மாலிப்டினம், கிராஃபைட் இரண்டுமே இருக்கின்றன. குத்தகையை ஏலம் விடுவது மத்திய அரசு. பட்டா உங்கள் பேரில் இருப்பதால் அது மாறாது. அந்தப் ‘பார்ட்டி’ வந்தாலும் உங்களிடம் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

கலெக்டர் ஆபீஸில் புவியியல் மற்றும் சுரங்கத் துறை இருக்கிறது. அங்கே கல்லைக் காட்டுங்கள். மின்னும் செதிலை மட்டும் சுரண்டி எடுத்துப் போகாமல், தேங்காய் அளவில் முழுக் கல்லாக, எத்தனை அடியில் எடுத்தது என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொண்டுபோங்கள்.